மடியில் கட்டிய நெருப்பு!

"ஐந்தே ஐந்து வோல்ட்! அது என்ன செய்துவிடும்?"

மின்சாரச் சிகரெட்டைத் தாங்களே செய்து ஊதுகிறவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதைத் தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளையில் வருவதோ வெறும் 5 வோல்ட். விரலை வைத்தாலும் சுரீர் என்றுகூட இராது.

ஆனால், ஆளை அடிக்காத மின்சாரம் வீட்டை எரிக்காது என்று யார் சொன்னார்கள்?

மோட்டார் காரில் இருக்கும் பாட்டரி 12 வோல்ட்தான். கையால் தொடலாம். அதன் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ஸ்பானர் விழட்டும். பொறி பறக்கும், ஸ்பானர் பழுக்கக் காய்ந்துவிடும்! ஆளை அடிப்பது வோல்ட். ஒயரைச் சுடுவது ஆம்பியர். இந்த வித்தியாசம் தெரியாமல் சாலிடரிங் கோலைக் கையில் எடுப்பது ஆபத்து.

எப்படி வந்தது?

புகையிலை இல்லாத சிகரெட்டுக்காக 1963-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஹெர்பர்ட் கில்பர்ட் என்பவர் உரிமை கோரி மனுப் போட்டார். 1965-ல் உரிமையும் கிடைத்தது. ஆனால் அது சந்தைக்கு வரவில்லை. இன்றைய மின்சாரச் சிகரெட்டை 2003-ல் உருவாக்கியவர் சீன மருந்தாளர் ஹான் லிக். உள்ளே ஒரு சிறு கம்பிச் சுருள். அதில் மின்சாரம் பாய்ந்தால் சூடேறும். சூட்டில் நிகோடின் கலந்த திரவம் ஆவியாகும். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவுதானே என்று நினைத்ததால் வந்தது வினை! மேல்நாடுகளில் பொழுதுபோக்காகக் கருவிகள் செய்கிறவர்கள் யு.எஸ்.பி. ஒயரை வெட்டினார்கள். சிவப்பு ஒயர் பாசிட்டிவ். கறுப்பு ஒயர் நெகட்டிவ். இரண்டையும் கம்பிச் சுருளோடு இணைத்தார்கள். மிட்டாய் வரும் தகர டப்பாவிலும், டார்ச் லைட்டின் உலோகக் குழாயிலும் அடைத்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊதினார்கள்.

கசிவு அல்ல, வெள்ளம்!

எங்காவது தீப்பிடித்தால், "மின் கசிவே காரணம்" என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். ஷார்ட் சர்க்யூட் என்பது கசிவு அல்ல. மடை உடைந்த வெள்ளம்! மின்சாரம் கம்பிச் சுருள் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். இரண்டு ஒயர்கள் நேராகத் தொட்டுக்கொண்டால் அது குறுக்கு வழியில் பாய்கிறது. தடுப்பார் இல்லை. ஒயர் கொதிக்கிறது, மேலுறை உருகுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பிச் சுருளின் தடை 2.5 ஓம் என்றால், 5 வோல்ட்டில் அது இழுப்பது 2 ஆம்பியர். யு.எஸ்.பி. 2.0 விதிப்படி ஒரு துளை கொடுக்க வேண்டியது அரை ஆம்பியர்தான். கோளாறு எதுவும் இல்லாதபோதே நான்கு மடங்கு சுமை! நல்ல கம்ப்யூட்டரில் தானே அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு இருக்கும். மலிவான சார்ஜரில் அது இருக்கிறதா என்பது அதைச் செய்தவருக்கே வெளிச்சம்.

தகர டப்பாவின் கூர்மையான விளிம்பு ஒயரின் உறையை அறுக்கும். கசிந்த திரவம் ஸ்விட்சுக்குள் இறங்கும். இழுக்க இழுக்கச் சாலிடர் விட்டுப்போகும். ஷார்ட் ஆவதற்கு வழியா இல்லை?

பாட்டரி வைத்தால்?

யு.எஸ்.பி. ஒயர் இடைஞ்சல் என்று லித்தியம் பாட்டரி வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. அது அதைவிடப் பெரிய ஆபத்து. இந்தப் பாட்டரி நிறைந்தால் 4.2 வோல்ட். குறுக்கே 0.1 ஓம் தடைதான் இருக்கிறது என்றால் 42 ஆம்பியர் பாயும்! பாட்டரி உள்ளுக்குள் சூடேறும். ஒரு கட்டத்துக்கு மேல் தன் சூட்டிலேயே தானே எரியும். உலோகக் குழாயில் வாயு வெளியேற ஓட்டை இல்லை என்றால், அது சிகரெட் அல்ல, வெடிகுண்டு.

சிலர் யு.எஸ்.பி.யின் 5 வோல்ட்டை நேராகவே பாட்டரிக்குக் கொடுத்துச் சார்ஜ் செய்கிறார்கள். 4.2-ல் நிறுத்த வேண்டியதை 5 வரை தள்ளினால், பாட்டரி எத்தனை நாள் பொறுக்கும்?

இது வீண் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை பத்திரிகைகளில் வந்த செய்திகளைத் திரட்டியது. தீப்பற்றியதும் வெடித்ததுமாக 195 சம்பவங்கள்! காயம் அடைந்தவர்கள் 133 பேர். 61 சம்பவங்கள் சட்டை, கால்சட்டைப் பைகளில் நடந்தவை. சார்ஜ் ஆகும்போது 48. 2018-ல் புளோரிடாவிலும் 2019-ல் டெக்சாஸிலும் உயிரே போயிருக்கிறது. இந்தக் கணக்கு வீட்டில் செய்தவற்றை மட்டும் பற்றியது அல்ல. தொழிற்சாலையில் செய்ததே வெடிக்கிறது என்றால், மேஜை மேல் ஒட்டவைத்தது எம்மாத்திரம்?

குறை யாருடையது?

"முட்டாள்கள், படட்டும்!" என்று சொல்லிவிடுவது சுலபம். அது சரியல்ல. தன் கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசை நல்ல ஆசை. ரேடியோ செய்து பழகிய பையன்கள் பலர் என்ஜினீயர் ஆகியிருக்கிறார்கள். ஆனால் தவறாகச் செய்த ரேடியோ பெரும்பாலும் பாடாது, அவ்வளவுதான். தவறாகச் செய்த இந்தக் கருவியோ உதட்டருகே வெடிக்கும்.

இந்தியாவில் 2019-ம் ஆண்டுச் சட்டம் மின்சாரச் சிகரெட்டைத் தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்துவிட்டது. முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிகோடின் பழக்கத்திலிருந்து இளைஞர்களைக் காக்க வந்த சட்டம், வரவேற்க வேண்டியதே. ஆனால், சட்டம் ஒயருக்குப் பாடம் சொல்லாது. ஒளித்துச் செய்கிறவன் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பான்?

அதே யு.எஸ்.பி. ஒயரும் அதே லித்தியம் பாட்டரியும் இன்று குழந்தையின் பொம்மையிலும், மேஜை விசிறியிலும், இரவு விளக்கிலும் இருக்கின்றன. ஆகவே, தடையோடு பாடமும் வேண்டும். பள்ளிக்கூடத்துச் சோதனைச் சாலையில் ஓம் விதியை ஒப்பிக்கச் சொன்னால் போதாது. மெல்லிய ஒயர் ஒன்றில் பியூஸ் போட்டும் போடாமலும் ஆசிரியரே செய்து காட்டட்டும். அதைப் பார்த்த பையன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

பாடம் நீளமானதும் அல்ல. மின்சாரம் புறப்படும் இடத்திலேயே, ஒயர் தாங்கும் அளவுக்கு உட்பட்ட பியூஸ் போட வேண்டும். இணைப்பதற்கு முன் மீட்டரால் தடையை அளக்க வேண்டும். வெறும் ஒயர் எங்கும் தெரியக்கூடாது. லித்தியம் பாட்டரிக்கு அதற்குரிய சார்ஜர்தான். சாவியும் சில்லறையும் இருக்கும் பையில் பாட்டரியைப் போடவே கூடாது.

பியூஸின் விலை சில ரூபாய். அதை மிச்சம் பிடித்து, வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்வானேன்? ஓணானாவது குடைவதோடு நிற்கும். இது எரித்துவிடும்!