சுன்னாகத்துக் கிணறுகளும் கிணறில்லாதவர்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்கும் மழைநீர்தான் குடிக்கவும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கவும் உள்ள முதல். வேலியெல்லாம் நிலத்துக்கு மேலேதான். கீழே தண்ணீருக்கு வேலி இல்லை. அப்படிப்பட்ட மண்ணில் எண்ணெய் கசிந்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை எந்தத் தோட்டக்காரனும் சொல்வான். கம்பனிக்கு மட்டும் அது விளங்கவில்லை.

சுன்னாகத்தில் நொதர்ன் பவர் என்னும் தனியார் கம்பனி எண்ணெயை எரித்து மின்சாரம் உற்பத்தி செய்து மின்சார சபைக்கு விற்று வந்தது. சுற்று வட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. 2013 நவம்பர் முதல் 2014 ஜூன் வரை தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைப் பரிசோதித்தது. அவற்றில் 109 கிணறுகளில் எண்ணெயும் கிறீஸும் அளவுக்கு மிஞ்சி இருந்தன. மக்கள் வீதிக்கு வந்தார்கள். 2015 ஜனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின்நிலையத்தை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. தமிழ்த் தலைவர்களின் கையில் இருந்த வட மாகாண சபை நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. ஆபத்தான மாசு இல்லை என்று அந்தக் குழு கூறிற்று! வாளியில் எண்ணெய் நாற்றத்தோடு நிற்கும் தாய்மாருக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறென்ன? எண்ணெயின் குணத்தை நாம் அறிய வேண்டும். மேலே மிதக்கும் படலம் அகன்றாலும் கரைந்த பகுதி தண்ணீரில் நிற்கும். பாறை இடுக்குகளில் ஒட்டியது மழைக்கு மழை மீண்டும் இறங்கும். ஆகவே ஒரு பருவத்தில் சில போத்தல் தண்ணீரை அள்ளிப் பார்த்து நற்சான்றிதழ் வழங்குவது பரிசோதனை ஆகாது. மாரியிலும் கோடையிலும், கிணற்றை மட்டுமல்ல, மண்ணையும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

2019 ஏப்ரல் 4ஆந் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலத்தடி நீரை மாசுபடுத்தியது அந்தக் கம்பனியே என்று கண்டது. மத்திய சுற்றாடல் அதிகாரசபையும் முதலீட்டுச் சபையும் கடமையில் தவறின என்றும் கூறியது. 2 கோடி ரூபா நட்டஈடு கட்டும்படி உத்தரவிட்டது. இது மக்கள் போராட்டத்தின் வெற்றி. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். கிணறு பழுதடைந்த குறைந்தது 500 பேருக்கு, ஆளுக்கு அதிகபட்சம் 40,000 ரூபா. கிணற்றைத் துப்புரவாக்கும் செலவில் ஒரு பகுதியாவது கிடைக்கட்டும் என்பது கணக்கு. கிணறே இல்லாதவன் என்ன செய்வான்? அடுத்தவன் காணியில் குடியிருக்கும் கூலிக்காரனுக்கு எந்தக் கிணற்றுக்கு நட்டஈடு? யாழ்ப்பாணத்தில் கிணறு வெறும் தண்ணீர்க் குழியா? சாதியின் பெயரால் கிணற்றடியிலேயே நிறுத்தப்பட்ட மக்கள் இம்மண்ணில் எத்தனை ஆயிரம்! 1966 அக்டோபர் 21இல் தீண்டாமைக்கு எதிராக யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட நமது ஊர்வலம் இதே சுன்னாகத்திலிருந்துதான் கிளம்பியது; பொலிசாரின் குண்டாந்தடிகளுக்கு அஞ்சாமல் நடந்தது. அன்று கிணற்றில் அள்ளும் உரிமைக்கும் போராடினோம். அந்த உரிமை கைக்கு வந்த பிறகு வாளியில் எண்ணெய் வருகிறது.

இன்னொன்று. தாங்கி கசிவதையும் கழிவு எண்ணெய் குழியில் ஊற்றப்படுவதையும் முதலில் காண்பவன் அங்கு வேலை செய்யும் தொழிலாளியே. ஒப்பந்தக் கூலியாக நிற்பவன் வாய் திறந்தால் மறுநாள் வேலை இல்லை. சங்கம் உள்ள இடத்தில்தான் கசிவு வெளியே தெரியும். ஆலைத் தொழிலாளர் இதைத் தம் சொந்தப் பிரச்சினையாகக் கொள்ள வேண்டும். ஆலையிலும் எண்ணெய்த் தாங்கி உண்டு, பக்கத்தில் குடிமனையும் உண்டு.

எண்ணெய்த் தாங்கி வைத்திருக்கும் எந்த நிறுவனமும், அரசினதாயினும் தனியாரதாயினும், சுற்றுப்புற மண்ணையும் நீரையும் ஆண்டுதோறும் பரிசோதிப்பிக்கச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். செலவு கம்பனியுடையது, மாதிரி எடுக்கும் கை கம்பனியுடையதாக இருக்கக்கூடாது. எடுக்கும்போது கிராம மக்களின் பிரதிநிதியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் கூட நிற்க வேண்டும். முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்ட வேண்டும். நட்டஈட்டுப் பட்டியலில் கிணற்றுச் சொந்தக்காரர் மட்டுமல்ல, அந்தத் தண்ணீரைக் குடித்த ஒவ்வொரு குடும்பமும் இடம்பெற வேண்டும்.