ஷூ அழுக்கானால் ஆகட்டுமே!

குட்டீஸ்... மழை பெய்த மறுநாள், மந்தைவெளி தெருக்களில் எப்படி நடப்பீர்கள்? சேற்றைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கி, காம்பவுண்டு சுவரைப் பிடித்தபடி, நண்டு மாதிரி நகர்ந்து, ஒரே தாவாகத் தாவி விடுவீர்கள். நானும் அப்படித்தான். வெள்ளை ஷூவில் கறை பட்டால், வீட்டில் யார் திட்டு வாங்குவது?

ஆனால், இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டு விட்டுப் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீலகிரியின் உச்சிப் புல்வெளி! அங்கே பாதையில் சேறு வந்தால், அதன் நடுவிலேயே தான் நடக்க வேண்டும் என்பேன்.

முக்கூர்த்தி தேசியப் பூங்காவுக்கு, வனத்துறை அனுமதியோடு ஒருமுறை போயிருந்தேன். முக்கூர்த்தி சிகரத்தின் உயரம், 2,554 மீட்டர். வரையாடுகள் வாழும் இடம். எங்கு பார்த்தாலும் புல் போர்த்திய மேடுகள், மடிப்புகளில் சோலைக்காடு, பள்ளங்களில் சதுப்பு. தரை என்று நினைத்து காலை வைத்தால், 'சளக்' என்று கணுக்கால் வரை உள்ளே போகும்.

முதல் சேற்றைக் கண்டதுமே, மந்தைவெளி புத்தி வேலை செய்தது. பக்கத்துப் புல்லில் ஏறினேன். கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், 'சார், சேத்துலயே வாங்க... ஓரமா போனா பாதை அகலமாயிடும்' என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம் தான். புது ஷூ ஆச்சே!

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பது, பிறகு தான் புரிந்தது.

அந்த சேறு, நம் தெருச் சேறு அல்ல. குளிரான இடத்தில், எப்போதும் தண்ணீர் தேங்கி நின்றால், மண்ணுக்குள் காற்று புகாது. காற்று இல்லாததால், செத்த புல்லும், வேரும் முழுதாக மட்காது. அப்படியே படிந்து, கறுப்பு மண்ணாகி விடும். 'பீட்' என்பர். இது, பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு மாதிரி, மழைநீரை உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லக் கசிய விடும்.

அதன் வயது தெரியுமா? இந்திய அறிவியல் கழக விஞ்ஞானி ராமன் சுகுமாரும், உடன் ஆய்வு செய்தவர்களும், நீலகிரி பீட் மண்ணை ஆராய்ந்து, 20 ஆயிரம் ஆண்டு கால பருவநிலைக் கதையையே அதிலிருந்து படித்தனர். அந்த ஆய்வு, 1993ல், 'நேச்சர்' இதழில் வெளியானது. 20 ஆயிரம் ஆண்டு!

ஒருவர் ஓரத்தில் மிதித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஒருவர் மிதித்தால் ஒன்றும் ஆகாது. ஆனால், அவர் மிதித்த இடம் சேறாகும். அடுத்தவர் அதற்கும் ஓரமாகப் போவார். அதற்கடுத்தவர், இன்னும் ஓரம்! புல் செத்து, பாதை சாலை அகலத்துக்கு ஆகி, மழை அதை வாய்க்காலாக அறுத்து விடும். சதுப்பில் இருந்த தண்ணீர், அந்த வழியே ஓடி விடும். ஸ்பாஞ்சு காய்ந்து, மட்கி, அதில் அடங்கிக் கிடந்த கரி, கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும்.

கற்பனை என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில், 'பென்னைன் வே' என்ற நடைபாதை, 1965ல் திறக்கப்பட்டது. 400 கி.மீ.,க்கும் மேல் நீளம். வழியில் பல இடங்களில் பீட் சதுப்பு. நடப்பவர்கள் பெருகப் பெருக, பாதை அகன்று, வெறும் கறுப்புக் குழம்பாகி விட்டது. கடைசியில், இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தரைக் கற்களைக் கொண்டு வந்து பரப்பினர். இத்தனைக்கும், வந்தவர்கள் எல்லாம் மலையை நேசித்தவர்கள் தான்!

'நீலகிரி எங்கேயோ இருக்கு... மந்தைவெளிக்கு என்ன?' என்கிறீர்களா? முக்கூர்த்தி பகுதியில் பிறக்கும் பைக்காரா ஆறு, மாயாறாகி, பவானியில் கலக்கிறது. பவானி, காவிரியில் சேர்கிறது. காவிரி நீர், கொள்ளிடம், வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு வருகிறது. அங்கிருந்து, 2004 முதல், 200 கி.மீ.,க்கும் அதிகமான தூரம் குழாயில் பயணித்து, சென்னைக்கு வருகிறது. 2019 கோடையில், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வற்றியபோது, கை கொடுத்தவற்றில் வீராணமும் ஒன்று. குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த கதையை, அம்மாவிடம் கேளுங்கள். உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில், முக்கூர்த்தி சதுப்பில் கசிந்த சில சொட்டுகளும் இருக்கலாம்.

'நடக்கவே விடாமல் பூட்டி விடலாமே...' என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அந்தச் சதுப்பை ஒருமுறை கூட காலால் தொடாத பிள்ளைக்கு, அதன் மேல் எப்படி அக்கறை வரும்? அனுமதி கொடுத்தால், கொஞ்சம் பேராக, வழிகாட்டியோடு, வரிசையாகப் போவோம். அனுமதி இல்லை என்றால், முறைக்காமல் திரும்புவோம். தனியாகப் போவது மட்டும் கூடவே கூடாது. சில இடங்களில் ஆழம் தெரியாது.

போகும்போது பழைய ஷூ, மாற்று சாக்ஸ் எடுத்துக் கொள்ளுங்கள். அட்டைப்பூச்சி ஏறினால் அலறாதீர்கள். நனைந்த ஷூவுக்குள், செய்தித்தாளைக் கசக்கித் திணித்து வைத்தால், இரண்டு நாளில் காய்ந்து விடும். இந்தப் பக்கத்தையே கூட திணிக்கலாம்... படித்து முடித்த பிறகு!