ஆண்ட பரம்பரையா? அந்தக் கிரீடத்துக்குக் காசு கட்டினது யாரு?



திருவிழா வந்தாலே நம்ம கொம்யூன் முழுக்க பேனர். வாள், சிங்கம், கிரீடம், கீழே கொட்டை எழுத்தில் "ஆண்ட பரம்பரை". ஏன்பா இப்படின்னு கேட்டா ஒரு பதில் ரெடியா வெச்சிருக்காங்க: "உலகம் பூரா அப்படித்தான். ஐரோப்பாவைப் பாரு. பிரபுக்கள் இல்லன்னா ஷேக்ஸ்பியர் ஏது, மோலியேர் ஏது? கலை, நாகரிகம் எல்லாம் மேல்குடி கொடுத்தது."

சரி, ஐரோப்பாவையே பார்த்துடுவோம்.

இங்கிலாந்தில் 1572இல் ஒரு சட்டம் வந்தது. பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாமல் ஊர் ஊராகப் போய் நடிப்பவனை நாடோடிக் குற்றவாளி என்று தண்டிக்கலாம். அதனால்தான் ஷேக்ஸ்பியரின் குழு முதலில் பிரபுவின் பெயரிலும், 1603க்குப் பிறகு மன்னரின் பெயரிலும் இயங்கியது. இதுக்குப் பேர் கலை வளர்ப்பா? லைசென்ஸ்! அந்த நாடகங்களை வாழ வெச்சதில், குளோப் அரங்கில் ஒரு பென்னி கொடுத்து வெட்டவெளியில் நின்னு பார்த்த சாதாரண சனங்களுக்கும் பங்கு உண்டு. அதை மட்டும் யாரும் சொல்றதில்ல.

பிரான்சில் மோலியேருக்குப் பதினான்காம் லூயி பணம் கொடுத்தார். உண்மைதான். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? முக்கியமான நேரடி வரியிலிருந்து பிரபுக்களுக்குப் பெரும்பாலும் விலக்கு. கட்டினவன் உழவன். கைதட்டு மட்டும் அரண்மனைக்கு.

மேடைக்குள்ளேயும் அதே கதைதான். பழைய இலக்கண விதிப்படி துன்பியல் நாடகத்தின் நாயகன் ராஜாவாகவோ பிரபுவாகவோ இருக்கணும். கடைக்காரனும் வேலைக்காரனும் சிரிப்பு காட்ட மட்டும். அதாவது, கௌரவமா சாகறதுக்குக்கூட மேல்குடியில் பிறந்திருக்கணும்! நம்ம நாட்டு சமஸ்கிருத நாடகத்திலும் ராஜா பேசுவது சமஸ்கிருதம். பெண்களும் வேலையாட்களும் பேசுவது பெரும்பாலும் பிராகிருதம். வாயைத் திறந்தாலே பிறப்பு தெரிஞ்சுடும்.

இந்த விதியை உடைச்சவங்க பிரபுக்கள் இல்ல. 1731இல் ஜார்ஜ் லில்லோ லண்டன் மேடையில் ஒரு வணிகரிடம் வேலை பழகும் பையனைத் துன்பியல் நாயகனாக்கினார். அடுத்து பிரான்சில் பொமார்ஷே, ஒரு வேலைக்காரனை வெச்சு பிரபுவையே கேள்வி கேட்டார். பிறந்ததைத் தவிர இந்தப் பிரபு என்ன உழைச்சான் என்பதுதான் அந்தக் கேள்வியின் சாரம். பதினாறாம் லூயி அந்த நாடகத்தைத் தடுத்துப் பார்த்தார், முடியல. 1784இல் மேடை ஏறியது. ஐந்தே வருஷம். 1789 ஆகஸ்ட் 4 இரவு பிரபுக்களின் சலுகைகள் ரத்து. 1790 ஜூனில் பரம்பரைப் பிரபுப் பட்டமே ரத்து.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். அதே பிரான்ஸ்தானே நம்மை ஆண்டது?

வில்லியனூர், பாகூர் பகுதி கிராமங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு எப்படிப் போச்சு? 1749-50 வாக்கில் ஆற்காட்டிலும் ஐதராபாத்திலும் பதவிச் சண்டை. அதில் உதவியதற்குக் கைமாறாக சந்தா சாகிபு, முசாபர் ஜங் தரப்பு தூக்கிக் கொடுத்த பரிசு. ஏரியும் வயலும் மனுஷனும் சேர்த்துப் பரிசு. ஏர் பிடிச்சவனை ஒருத்தராவது கேட்டாங்களா?

பாரிசில் பட்டத்தை ஒழிச்ச பிறகாவது இங்கே மாறிச்சா? பதினான்காம் லூயி காலத்தில் சிவப்புக் குதிகால் வெச்ச செருப்பு அரசவைப் பிரபுக்களுக்கு மட்டுமே உரியது. புரட்சி தொடங்கி 80 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1873இல் புதுச்சேரியில் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியர் போல சப்பாத்து போட்டு நீதிமன்றத்துக்குப் போனார். கூடாது என்றார் நீதிபதி. பாரிஸ் வரைக்கும் போய் வழக்காடித்தான் அந்த உரிமையை ஜெயிச்சார். 1884இல் வாக்காளர் பட்டியலையே மூணாப் பிரிச்சாங்க: ஐரோப்பியருக்கு ஒன்று, தனிச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களுக்கு ஒன்று, மீதி மக்களுக்கு ஒன்று. ஒரு கைப்பிடி ஐரோப்பியருக்குத் தனி இடங்கள். எல்லாருக்கும் ஒரே பட்டியல் வர 1945 ஆச்சு. சமத்துவம் பேசினவன் இங்கே பிறப்பைப் பார்த்துத்தான் ஓட்டு எண்ணினான்.

பிரெஞ்சுக்காரனைத் திட்டிட்டு நாம கையைக் கழுவிக்க முடியுமா? முடியாது. வசதியான சாதியில் பிறந்த வழக்கறிஞருக்கே அந்த நிலைமைன்னா, சேற்றில் நின்னவன் நிலைமை என்ன? தமிழ்நாட்டிலும் சரி, இங்கேயும் சரி, செருப்பைக் கழட்டிக் கையில் எடுத்துக்கிட்டு நடக்க வெச்ச தெருக்கள் இருந்தன. அதுக்கு எந்த வெள்ளைக்காரனும் சட்டம் போடல. நாமளே போட்டுக்கிட்டோம்.

"நம்ம ராஜாக்கள் கல்லூரி கட்டலையா?" என்பார்கள். பாகூர் செப்பேடு இருக்கு. 9ஆம் நூற்றாண்டு, நிருபதுங்கவர்மன் காலம். பாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் தானம். பெருமைதான். ஆனா அது வேத சாஸ்திரம் படிப்பவர்களுக்கான இடம். மூணு ஊர் உழவனும் நெல்லை அளந்தான். அவன் பிள்ளை அங்கே உட்கார்ந்து படிச்சானா?

நமக்குப் பரம்பரையே இல்லையா? இருக்கு. ராஜா தப்பு செஞ்சா தட்டிக் கேட்கிற பரம்பரை! லில்லோவுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே ஒரு வணிகனையும் அவன் மனைவியையும் நாயகன், நாயகி ஆக்கினது சிலப்பதிகாரம். அதில் கண்ணகி அரசவைக்குள் போய் நீதி கேட்கிறாள், தப்பு தெரிஞ்ச ராஜா உயிரை விடுகிறான். தெருக்கூத்தில் ராஜா வேஷம் எவ்வளவு பெரிசா இருந்தாலும் பக்கத்தில் கட்டியங்காரன் நிற்பான், அந்த ராஜாவையே கிண்டல் பண்ணுவான். கிரீடம் சுமந்து விடிய விடிய ஆடுறவரும் உழைக்கிற வீட்டுக்காரர்தான். விடிஞ்சா அரிதாரத்தைக் கழுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார். அது வேஷம்னு அவருக்குத் தெரியும். பேனர் வைக்கிற நமக்குத்தான் தெரியல.

ஒருத்தன் ஆண்டான்னா இன்னொருத்தன் ஆளப்பட்டான்னு அர்த்தம். யாரு அது? நம்ம கூடவே பஸ் ஏறுற பக்கத்துத் தெருப் பையன். அவனைப் பார்த்துத்தான் அந்த பேனர் பேசுது.

இன்னொண்ணையும் யோசிங்க. சென்டாக்கில் சீட்டு கேட்கும்போது கையில் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். தெருவில் ஆண்ட பரம்பரை. எது உண்மை? நம்ம தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதிக்கவிடலை, அதுதான் உண்மை. இடஒதுக்கீடு அதுக்கான நியாயம். "நாங்க ஆண்டவங்க"ன்னு நாமே எழுதி ஒட்டினா, இடஒதுக்கீட்டை ஒழிக்கக் காத்திருக்கிறவனுக்கு நாமே ஆதாரம் எடுத்துக் கொடுக்கிறோம். அவன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்குவான்.

அரசமைப்புச் சட்டம் 18ஆம் பிரிவில் பட்டங்களை ஒழிச்சது. 1971இல் 26ஆவது திருத்தம் சமஸ்தான ராஜாக்களின் மானியத்தையும் நிறுத்தியது. நிஜ ராஜாவுக்கே பட்டம் இல்லாத நாட்டில், வட்டிக்குக் கடன் வாங்கி பேனர் அடிக்கிற நமக்கு எதுக்கு கிரீடம்?

அடுத்த திருவிழாவுக்கு பேனர் வைங்க, வேண்டாம்னு சொல்லல. வீட்டில் முதன்முதலா டிகிரி வாங்கின பொண்ணு படத்தை வைங்க. எல்லாத் தெரு பிள்ளைங்க படத்தையும் ஒரே பேனரில், ஒரே அளவில் வைங்க. யார் படமும் மேலே வேண்டாம், யார் படமும் கீழே வேண்டாம்.

படிச்சவங்க பகிருங்க. மறுப்பு இருந்தா கமெண்டில் வாங்க, பேசுவோம்.

தகவல் தொழில்நுட்ப அணி,
பண்டசோழநல்லூர் கிளை

#ஆண்டபரம்பரைஅல்ல_படிச்சபரம்பரை
#பிறப்பால்_யாரும்_பிரபு_இல்லை