வாலைப் பார்த்து ஏமாறலாமா?

ஆங்கிலத்தில் வினையடையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பள்ளி மாணவர்களைக் கேட்டால், "கடைசியில் 'லி' இருக்கும்" என்று அநேகர் பட்டென்று பதில் சொல்வார்கள். 'ஸ்லோ' என்றால் மெதுவான. 'ஸ்லோலி' என்றால் மெதுவாக. சுலபமான சூத்திரந்தான். ஆனால் இதை மட்டும் நம்பினவன் ஒரு நாள் மோசம் போவான்.

வேலைக்கு மனுப் போடும் இளைஞன் ஒருவன், தான் கடுமையாக உழைத்ததைச் சொல்ல விரும்புகிறான் என்று வைத்துக்கொள்வோம். 'ஹார்ட்' என்றால் கடுமையான. ஆகவே 'ஹார்ட்லி' என்றால் கடுமையாக என்று கணக்குப் போட்டு, 'ஐ ஹார்ட்லி ஒர்க்ட்' என்று எழுதி விடுகிறான். அதன் பொருள் என்ன தெரியுமா? 'நான் வேலை செய்ததே அபூர்வம்' என்பதுதான்! வாலை வெட்டிவிட்டு, 'ஐ ஒர்க்ட் ஹார்ட்' என்று எழுதியிருந்தால் மானம் பிழைத்திருக்கும்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் பெயரடையின் கடைசியில் 'எ' என்னும் ஓசையைச் சேர்த்து வினையடை ஆக்குவது வழக்கம். நாளடைவில் அந்த ஓசை தேய்ந்து மறைந்தது. அதனால்தான் 'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' போன்ற சொற்கள் இரண்டு வேலைக்கும் ஒரே உருவில் நிற்கின்றன. 'லி'யோ பெயரடைகளுக்கும் வாலாக வருவது. 'ஃபிரெண்ட்லி' என்றால் சிநேகமான என்று பொருள், அது பெயரடை.

ஆகவே, சொல்லின் வாலைப் பார்க்காமல் அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். 'ஃபாஸ்ட் டிரெயின்' என்னும்போது 'ஃபாஸ்ட்' ரயிலைச் சிறப்பிக்கிறது, பெயரடை. 'தி டிரெயின் ரன்ஸ் ஃபாஸ்ட்' என்னும்போது ஓட்டத்தைச் சிறப்பிக்கிறது, வினையடை. எப்படி, எப்போது, எங்கே, எவ்வளவு என்ற கேள்விகளில் ஒன்றுக்கு விடை சொல்லும் சொல் பெரும்பாலும் வினையடையாகவே இருக்கும். 'வெரி குட்' என்பதில் 'வெரி' எவ்வளவு என்பதைச் சொல்கிறது, அதுவும் வினையடைதான். அதற்கு வால் ஏது?

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது புதிய பாடமல்ல. 'வேகமாக', 'அழகாக' என்று 'ஆக' சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் 'மெல்ல நடந்தான்', 'நாளை வருவான்' என்பவற்றில் 'ஆக' எங்கே இருக்கிறது? இருந்தும் பொருள் புரியாமல் எந்தக் குழந்தையாவது விழிக்கிறதா? தாய்மொழியில் தெரிந்த இந்த உண்மையை நினைவூட்டி ஆங்கிலம் கற்பித்தால், சூத்திரத்தை உருப்போட்டுத் தவறும் பிள்ளைகள் குறைவார்கள். ஆசிரியர்கள் இதைக் கவனிப்பது நல்லது.