இருளர் பிள்ளைக்கும் அந்த 25 சதவீதத்தில் இடம் உண்டு

கோடை விடுமுறை நெருங்கும்போது ஆண்டுதோறும் ஒரு செய்தி வருவது வழக்கம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களில் இலவசமாகச் சேர இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பதுதான் அது. 2024-இல் ஏப்ரல் 22 முதல் மே 20 வரை விண்ணப்பம் பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டும் ஏறக்குறைய அதே நாட்கள்தான். அந்த ஒரு மாதத்தில் திண்டிவனம், செஞ்சி, மரக்காணம், வானூர் பக்கத்து இருளர் குடியிருப்புகளுக்குப் போய்ப் பார்த்தால் பல வீடுகளில் படல் சாத்தியிருக்கும். குடும்பத்தோடு செங்கல் சூளைக்கோ, சவுக்கு வெட்டுக்கோ, கரும்பு வெட்டுக்கோ போயிருப்பார்கள். முன்பணம் வாங்கியவர்கள் வேலை முடியும்வரை நினைத்த நேரத்தில் ஊர் திரும்பவும் முடியாது. சட்டம் கதவைத் திறக்கும் மாதமும், இருளர் ஊரில் இல்லாத மாதமும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்தச் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 12(1)(சி) பிரிவின்படி, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை வாய்ப்பு மறுக்கப்பட்ட, நலிவடைந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை கட்டணமின்றிப் படிக்க வைக்க வேண்டும். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பித் தரும். பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்குப் போட்டும், 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே இது எந்தத் தாளாளரும் மனமிரங்கிக் கொடுக்கும் தருமம் அல்ல. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டுக் கொடுத்த உரிமை.

யாருக்குப் போய்ச் சேர வேண்டும்?

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் 7 லட்சத்து 94 ஆயிரம் பேர். மொத்த மக்கள்தொகையில் 1.1 சதவீதம். இவர்களில் இருளர் மட்டும் 1 லட்சத்து 89 ஆயிரம் பேர். மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதமாக இருந்தபோது பட்டியல் சாதியினரின் எழுத்தறிவு 73 சதவீதம். பழங்குடியினருக்கோ 54 சதவீதம்தான். இருளரை மத்திய அரசு மிகவும் பின்தங்கிய நிலையிலுள்ள பழங்குடிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பவை தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், இருளர் என ஆறே இனங்கள். மற்ற இனங்களில் பல பெரும்பாலும் நீலகிரி மலைப்பக்கத்தில் வாழ்கின்றன. இருளரோ நம் ஊர் ஏரிக்கரையிலும், புறம்போக்கிலும், சேரியைத் தாண்டிய ஓரத்திலும் இருக்கிறார்கள். மலையில் இல்லாததாலேயே பழங்குடி என்று அதிகாரிகளின் கண்ணுக்குப் படாமல் போகிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்த 25 சதவீதத்தில் பழங்குடியினருக்கென்று தனிப் பங்கு எதுவும் இல்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் குறைவான எல்லோரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். சொந்த வீடும், கைபேசியும், படித்த தகப்பனும் உள்ள பிள்ளையின் சீட்டும், சூளையில் கல் அறுக்கும் தாயின் பிள்ளையுடைய சீட்டும் ஒரே பெட்டியில் விழுகின்றன. குலுக்கலில் பாரபட்சம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெட்டிக்குள் சீட்டு வந்து விழுவதற்கு முன்னால் கடக்க வேண்டிய தடைகளில்தான் பாரபட்சம் இருக்கிறது.

சான்றிதழ் என்னும் முதல் தடை

பட்டியல் சாதிச் சான்றிதழை வட்டாட்சியர் கொடுக்கலாம். பழங்குடியினர் சான்றிதழை வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான் கொடுக்க வேண்டும். போலிச் சான்றிதழைத் தடுக்கச் செய்த ஏற்பாடு, உண்மையான இருளரை அலைய வைக்கும் ஏற்பாடாக ஆகிவிட்டது. தகப்பனுக்குச் சான்று இருக்கிறதா, பாட்டனுக்குப் பத்திரம் இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நிலமே இல்லாதவனிடம் பத்திரம் கேட்டால் எங்கே போவான்? ஒரு நாள் அலுவலகத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. கோட்டாட்சியர் அன்றைக்கு ஆய்வுக்குப் போயிருந்தால் மறுபடியும் வர வேண்டும்.

இந்த வேதனை எந்த அளவுக்குப் போகும் என்பதை 2022 அக்டோபரில் பார்த்தோம். பிள்ளைக்குப் பழங்குடியினர் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த ஒரு தகப்பன், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்திலேயே தீக்குளித்து உயிரிழந்தார்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பழங்குடிச் சான்றிதழ் கையில் இல்லை என்பதற்காக விண்ணப்பிக்காமல் இருக்கத் தேவையில்லை. ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குக் கீழ் என்று வருமானச் சான்று வாங்கி, நலிவடைந்த பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். வயதுச் சான்று இல்லை என்று எந்தப் பள்ளியும் ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்கிறது. பெற்றோரையோ பிள்ளையையோ உட்கார வைத்து நேர்காணல் நடத்தித் தேர்ந்தெடுப்பதையும், நன்கொடை கேட்பதையும் 13-ஆவது பிரிவு தடை செய்கிறது. இதெல்லாம் இருளர் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியப்படுத்தும் பொறுப்பு கல்வித் துறைக்கு இருக்கிறது.

அடுத்தது தூரம். வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிகளுக்கு என்றுதான் இங்கே விண்ணப்பம் வாங்குகிறார்கள். மெட்ரிக் பள்ளிகள் நகரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் இருக்கின்றன. இருளர் குடியிருப்பு ஊருக்கு வெளியே, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் பனைமரமும் வயலும்தான் வரும். ஒதுக்கி வைத்த இடத்திலிருந்தே தூரத்தை அளந்தால், ஒதுக்கப்பட்டவருக்கு எப்படி இடம் கிடைக்கும்?

இலவசம் என்பதன் விலை

இத்தனையும் தாண்டி ஒரு பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரசு பள்ளிக்குத் திருப்பித் தருவது கல்விக் கட்டணத்தை. பாடநூல், நோட்டு, சீருடை, ஷூ, டை, வேன், ஆண்டு விழா என்று மற்றவை பெற்றோர் தலையில் விழுகின்றன. சீருடை, பாடநூல் உள்ளிட்ட செலவுகளையும் அரசே ஏற்க வேண்டும் என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஜூன் மாதம் பள்ளி அலுவலகத்தில் நீட்டப்படும் சீட்டில் தொகை குறையவில்லை.

இன்னொரு கணக்கை யாரும் பேசுவதில்லை. அரசுப் பள்ளியில் படித்தால் காலை உணவு உண்டு, சத்துணவு உண்டு, முட்டை உண்டு. நூலும் சீருடையும் பையும் செருப்பும் பேருந்துப் பயண அட்டையும் உண்டு. தனியார் பள்ளிக்குப் போகும் ஏழைப் பிள்ளை இவை அத்தனையையும் விட்டுவிட்டுத்தான் போகிறது. நாள் கூலியில் வாழும் குடும்பத்துக்குப் பிள்ளையின் இரண்டு வேளைச் சோறு சிறிய தொகை அல்ல. கட்டணம் இல்லை என்று சேர்த்துவிட்டு, மதியம் என்ன கட்டிக் கொடுப்பது என்று தெரியாமல் திரும்ப ஊர்ப் பள்ளியிலேயே விட்டுவிடுகிறார்கள். இடைநிற்றல் பதிவேட்டில் இதற்குப் பெயர் பெற்றோரின் ஆர்வமின்மை.

எட்டாம் வகுப்போடு சட்டம் நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்பில் முழுக் கட்டணம் கேட்பார்கள். அந்த நேரத்தில் அரசுப் பள்ளிக்கு மாறினால், மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அந்தப் பிள்ளையும் தகுதி பெறும் என்பது பலருக்குத் தெரியாது. இந்தத் தகவலைக்கூடச் சொல்ல ஆளில்லாமல் படிப்பே நின்றுபோவதுதான் நடக்கிறது.

நிதியின் நிலையோ அதைவிட மோசம். தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காததற்காகத் தமிழ்நாட்டுக்குரிய 2,000 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட சமக்ர சிக்ஷா நிதியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. அதன் விளைவாக 2025-26 கல்வியாண்டில் பள்ளிகள் ஜூனில் திறந்தும் 25 சதவீதச் சேர்க்கை தொடங்கவில்லை. நீதிமன்றம் வரை போய், அக்டோபரில்தான் நடந்தது. நான்கு மாதம் காத்திருக்க யாரால் முடியும்? முதலில் பணம் கட்டிச் சேர்க்கக்கூடியவரால் முடியும். இரண்டு அரசுகளின் சண்டையில் முதலில் வெளியே தள்ளப்பட்டவர்கள் கையில் காசில்லாதவர்கள்தான்.

தனியார் பள்ளிதான் தீர்வா?

அரசுப் பள்ளியை வலுப்படுத்தாமல் தனியாருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இருளர் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அரசுப் பள்ளியிலும், பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளியிலும்தான் படிக்கப் போகிறார்கள். அங்கே ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட வேண்டும், விடுதியில் நல்ல சோறு வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை. ஆனால் ஊரில் மற்ற எல்லோருடைய பிள்ளைகளும் வேனில் ஏறிப் போகும்போது, அந்த வேனில் ஏறும் உரிமையைச் சட்டம் கொடுத்த பிறகும், உனக்கு இது வேண்டாம் என்று இருளரிடம் மட்டும் சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதும் இந்தச் சட்டத்தின் நோக்கம். தனியார் நடத்தும் பள்ளி என்றாலே காசு வாங்கித்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. திண்டிவனம் ரோசணையில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று நடத்தும் தாய்த்தமிழ்ப் பள்ளி அதற்குச் சாட்சி.

மாவட்ட நிர்வாகத்திடமும் அரசிடமும் நாம் கேட்பவை இவை:

ஆதரவற்றோர், துப்புரவுத் தொழிலாளர், மாற்றுத்திறனாளி ஆகிய பிரிவுப் பிள்ளைகளுக்குக் குலுக்கலுக்கு முன்பே முன்னுரிமை தரப்படுகிறது. மிகவும் பின்தங்கிய ஆறு பழங்குடிகளின் பிள்ளைகளையும் அதில் சேர்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.

ஒரு கிலோமீட்டர் நிபந்தனையைப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குத் தளர்த்தி, போக்குவரத்துச் செலவை அரசு ஏற்க வேண்டும்.

கோட்டாட்சியர்கள் ஜனவரிக்குள் குடியிருப்புகளுக்கே வந்து சான்றிதழ் முகாம் நடத்த வேண்டும். விண்ணப்ப மாதத்தில் செங்கல் சூளைகளுக்கும் கல்வித் துறை ஆட்கள் போக வேண்டும்.

நூல், சீருடை, மதிய உணவுக்கான தொகையைப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு நேரடியாகத் தர வேண்டும். இலவசக் கல்வியைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை நீட்டிக்க வேண்டும்.

ஒவ்வொரு பள்ளியிலும் இந்த ஒதுக்கீட்டில் எத்தனை பழங்குடிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தொடர்ந்து படிக்கிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் மாவட்டக் கல்வி அலுவலகம் வெளியிட வேண்டும்.

நம் தெருக்களில் பட்டம் படித்த இளைஞர்கள் இருக்கிறார்கள். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்ப அவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். ஏரிக்கரை வீடுகளில் ஐந்து வயதுப் பிள்ளை எங்கே இருக்கிறது, தாய் தகப்பன் எந்தச் சூளையில் இருக்கிறார்கள் என்று விசாரித்து, ஆதாரையும் வருமானச் சான்றையும் இப்போதே எடுத்து வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தேடினால் அந்த ஒரு மாதம் போதாது.