உள்ளேன், ஐயா!

என் சிநேகிதர் ஒருவருடைய மகள் படிக்கும் கல்லூரிக்கு ஒரு நாள் காலையில் போயிருந்தேன். அவள் தகப்பனார் ஊரில் இல்லாததால், ஏதோ ஒரு காகிதத்தைச் சேர்ப்பிக்க நான் துணைக்குப் போனேன். வாசலைத் தாண்டியதும் சுவரில் ஒரு கறுப்புப் பெட்டி. பிள்ளைகள் வரிசையாக வந்து அதில் விரலை வைக்கிறார்கள். அது பெண் குரலில் இங்கிலீஷில் நன்றி சொல்லுகிறது. கோயிலில் தீர்த்தம் வாங்குகிற வரிசைகூட இத்தனை ஒழுங்காக நகராது. எனக்குப் பரம திருப்தி.

எங்கள் பெண்ணின் முறை வந்தது. விரலை வைத்தாள். நன்றி வரவில்லை, மறுபடி முயலச் சொல்லிற்று. துப்பட்டாவில் விரலைத் துடைத்துக்கொண்டு வைத்தாள். அதற்கும் அதே பதில். நான்காம் முறைக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவே, ஒதுங்கிக்கொண்டாள்.

"எப்பவும் இப்படித்தான், மாமா. வாரத்துல ரெண்டு நாள் எடுத்துக்கும். மத்த நாள் நான் வராதவதான்" என்றாள்.

அவள் அம்மா அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள். விடியற்காலையில் எழுந்து கிரைண்டரையும் அண்டாக்களையும் தேய்த்துக் கழுவிவிட்டுப் படிக்க வருகிற பெண் இவள். சோப்புத் தூளும் கம்பி நாரும் விரல் நுனியில் இருந்த ரேகையைப் பாதி தின்றுவிட்டன. அலுவலகத்தில் குமாஸ்தாவிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர்; உட்காரச் சொன்னார். கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ வரலேன்னு காட்டுதேம்மா!"

எதிரே மூன்றடி தூரத்தில், புத்தகப் பையோடு, கண்ணில் நீர் முட்ட நிற்கிற பெண்ணைப் பார்த்து ஒரு மனிதர் இப்படிச் சொல்லுகிறார். அவருக்கு அதில் வெட்கமோ வேடிக்கையோ தோன்றவில்லை. விரலை அறியாத அந்தப் பெட்டியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தன் கண்ணைத் தானே நம்பாத நிலைக்கு ஒரு நல்ல மனிதரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே, அதுதான் என் கோபம்.

நான் யந்திர விரோதி என்று வாசகர்கள் நினைத்துவிட வேண்டாம். இதைக்கூடக் கம்ப்யூட்டரில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்பதையாவது தெரிந்துகொள்ள வேண்டாமா? ரேகைகள் எங்கே முடிகின்றன, எங்கே இரண்டாகப் பிரிகின்றன என்று சில புள்ளிகளைக் குறித்து எண்களாக்கி வைத்துக்கொள்ளுகிறது. மறுநாள் வைக்கிற விரலின் புள்ளிகளை அவற்றோடு ஒப்பிட்டு மார்க்குப் போடுகிறது. இத்தனை மார்க்குக்கு மேல் என்றால் நன்றி. கீழே என்றால் விரட்டல். அந்த எல்லையை இறுக்கினால் சொந்தக்காரனே வெளியே நிற்பான். தளர்த்தினால் அடுத்தவன் உள்ளே வருவான். எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிறவன் ஒரு மனிதன்தான். அவன் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ! மாவு அண்டா தேய்க்கும் விரலை அவன் பார்த்திருக்க மாட்டான் என்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம்.

"கள்ள ஆஜர் ஒழிந்ததே!" என்பார்கள். ஒழிந்ததா? 2002-ல் ஜப்பானில் மட்சுமோட்டோ என்ற பேராசிரியரும் அவர் மாணவர்களும் ஜெலட்டினால், அதாவது ஜெல்லி மிட்டாய் செய்கிற சரக்கால், விரல்கள் வார்த்து 11 கருவிகளைச் சோதித்தார்கள். பதினொன்றும் ஏமாந்தன. 2013-ல் பிரேசிலில் ஒரு டாக்டர், வராத சகாக்களுக்காக சிலிக்கோன் விரல்களைப் பையில் போட்டுக்கொண்டு வந்து ஆஜர் கொடுத்தபோது பிடிபட்டார். பிள்ளைகளுக்கு மட்டும் மூளை குறைச்சலா என்ன?

கள்ள ஆஜர் கொடுத்த பாவம் எனக்கும் உண்டு. கல்லூரியில் இரண்டு வருஷமே உட்கார்ந்தவன் நான், பட்டம் வாங்காதவன். எங்கள் வகுப்பில் 23-ம் எண்காரன் என் பக்கத்து இடம். அவனுக்காகக் குரலை மாற்றி "உள்ளேன், ஐயா" என்று இரண்டு நாள் சொன்னேன். தமிழ் வாத்தியார் தலை நிமிராமல் ரிஜிஸ்தரில் குறித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏண்டா, இருபத்து மூணுக்கு மூணு நாளா உன் ஜலதோஷமே பிடிச்சிருக்கே? அவன் எங்கேடா?"

சொல்லிவிட்டேன். பரீட்சைக்குப் பணம் கட்ட முடியாமல் அவன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் மேஜை துடைத்துக்கொண்டிருந்தான். அன்று சாயங்காலம் வாத்தியார் அந்த ஓட்டலில் போய்க் காப்பி சாப்பிட்டார். அங்கே என்ன பேசினார்களோ, இருவருமே எனக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் 23 தன் குரலிலேயே பதில் சொன்னான்.

பெட்டியும் தகவல் சொல்லுகிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். பிள்ளை வரவில்லை என்று அப்பன் செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால், "அவன் எங்கேடா?" என்று கேட்க அதற்குத் தெரியாது. அதை நம்பி வாத்தியாரும் கேட்பதை விட்டுவிடுகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பேர் கூப்பிடுவதில் நேரம் வீணாகிறது என்கிற கணக்குப் பிள்ளைகள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஸ்வீடனில் ஷெலெப்தியோ என்ற ஊரில், ஒரு மேல்நிலைப் பள்ளியில் வருகை பதிவதற்கே வருஷத்துக்கு 17,280 மணி நேரம் செலவாகிறது என்று கணக்குக் காட்டி, 2018-ல் 22 மாணவர்களை வைத்து முகம் பார்க்கும் காமிராவைச் சுமார் மூன்று வாரம் சோதித்தார்கள். பெற்றோர் சம்மதித்தார்கள், கையெழுத்து இருக்கிறது என்றார்கள். 2019 ஆகஸ்டில் அந்நாட்டுத் தகவல் பாதுகாப்பு அதிகாரிகள் நகராட்சிக்கு 2 லட்சம் குரோனர் அபராதம் போட்டார்கள். அவர்கள் சொன்ன காரணம் என்னைக் கவர்ந்தது. மாணவன் பள்ளிக்கூடத்தை அண்டி நிற்கிறவன். அப்படி நிற்கிறவன் கொடுக்கும் சம்மதம் சம்மதமாகாது.

பிரிட்டனில் 2012-ல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பெற்றோர் எழுதிக் கொடுத்தாலும், குழந்தை மாட்டேன் என்றால் அதன் விரலையோ முகத்தையோ பதிவு செய்யக் கூடாது. அந்தக் குழந்தைக்கு வேறு வழி செய்து தர வேண்டும். நம் நாட்டில்? 2023-ம் வருஷத்துச் சட்டம், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைப் பற்றிய தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லுகிறது. 2025-ல் வந்த விதிகள், படிப்புக்கும் பாதுகாப்புக்கும் என்றால் கல்வி நிலையங்களுக்கு விலக்கு உண்டு என்கின்றன. குழந்தையின் "மாட்டேன்" இரண்டிலும் இல்லை.

யந்திரம் பலித்த கதையும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மறைத்தால் தர்மமாகாது. ராஜஸ்தானத்தில் உதயபூர்ப் பக்கத்துக் கிராமங்களில், ஒற்றை வாத்தியார் பள்ளிக்கூடங்களுக்கு 2003-ல் காமிரா கொடுத்தார்கள். நாள், மணி தானே பதியும், திருத்த முடியாது. காலையிலும் மாலையிலும் ஒரு மாணவன் வாத்தியாரையும் மற்றப் பிள்ளைகளையும் படம் பிடிக்க வேண்டும். வந்த நாளைக்கு ஏற்பச் சம்பளம். காமிரா இல்லாத பள்ளிகளில் நூற்றுக்கு 42 நாள் வராத வாத்தியார்கள், காமிரா இருந்த இடங்களில் 21 நாளே வராமலிருந்தார்கள். அங்கே காமிரா யார் கையில் இருந்தது, பார்த்தீர்களா? பிள்ளையின் கையில்! நம் கல்லூரிகளில் ஒருநாளும் அப்படி வைக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

எங்கள் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் வருகை வேண்டும் என்பது விதி. பெட்டியின் கணக்கில் அவளுக்கு நாற்பத்தொன்று. நானும் விடவில்லை; முதல்வர் வரைக்கும் போனேன். அவர் பெட்டியைக் கழற்றவில்லை. அதன் கீழே ஆணியில் நூல் கட்டி ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிட்டிருக்கிறார்கள். விரல் எடுக்காதவர்கள் அதில் பெயரும் மணியும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போன வாரம் அவள் சொன்னாள்: "முதல் நோட்டு தீர்ந்துபோச்சு, மாமா. ரெண்டாவது தொங்குது."