முதலில் குடலைத் திறந்து பாருங்கள்

பிப்ரவரியில் நடக்கும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்குக் கோழிகளைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் சிலராவது, ஊசி போட்டு முடிந்ததும், "அப்படியே பூச்சி மருந்தும் குடுத்துடுங்க சார்" என்று கேட்பார்கள். நாமும் பைப்பரசினை எடுத்து நீட்டி, தண்ணீரில் கலந்து வைக்கச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். கேட்டவருக்கும் திருப்தி, கொடுத்தவருக்கும் வேலை முடிந்தது. புழுக்கள்தான் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

பைப்பரசின் கெட்ட மருந்து அல்ல. உருண்டைப்புழுவான அஸ்காரிடியா காலியின் வளர்ந்த புழுக்களைச் செயலிழக்க வைத்து எச்சத்தோடு வெளியேற்றும். அதன் வேலை அவ்வளவுதான். முன்சிறுகுடல் சவ்வுக்குள் புதைந்திருக்கும் இளம்புழுக்களை அது பெரிதாகத் தொடாது. சீக்கத்தில் வாழும் ஹெட்டராக்கிஸையும் மயிரிழைப் புழுவையும் நம்பத்தக்க அளவில் நீக்காது. நாடாப்புழுவுக்கு அறவே பயனில்லை. ஆழ்கூளப் பண்ணையில் உருண்டைப்புழுவே முதல் எதிரி என்று படித்த பாடத்தை, குப்பைமேட்டில் நாளெல்லாம் கிளறித் தின்னும் கோழிக்கும் அப்படியே பொருத்துகிறோம். புறக்கடைக் கோழி தின்பதில் எறும்பும் வண்டும் மண்புழுவும் சேர்த்தி. ரெய்லிடினா டெட்ராகோனா, எக்கைனோபாத்ரிடா ஆகிய நாடாப்புழுக்களுக்கு எறும்பு இடைநிலை உயிரி, செஸ்டிசில்லஸுக்கு வண்டு. நத்தை தின்கிற கோழிக்கு டவைனியாவும் வரும்.

எச்சத்தைப் பரிசோதித்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். மிதவை முறை உருண்டைப்புழு முட்டைக்கு நன்றாக உதவும். நாடாப்புழுவோ முட்டைகளைத் துண்டத்துக்குள் வைத்து முழுசாக வெளியேற்றுகிறது. நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாமல் போவது சகஜம். அஸ்காரிடியா முட்டையையும் ஹெட்டராக்கிஸ் முட்டையையும் பிரித்தறிவதும் எளிதல்ல. எனவே கோழிக்காரரிடம், விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் புது எச்சத்தின் மேல் அரிசி போல ஏதாவது நெளிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்துவிட்டால் கண்ணில் படாது.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கிராமத்தில் ஞாயிறுதோறும் யாராவது ஒரு கோழியை அறுக்கிறார்கள். அந்தக் குடலை நாய்க்குப் போடுமுன் வாங்கிக்கொள்ளுங்கள். சிறுகுடலை நீளவாக்கில் கத்தரியால் பிளந்து, தண்ணீர் ஊற்றிய கறுப்புத் தட்டில் அலசுங்கள். உருண்டைப்புழு தானாகத் தெரியும். நாடாப்புழு தலையால் சவ்வைக் கவ்வியபடி ரிப்பன் போல மிதக்கும். டவைனியா சில மில்லிமீட்டரே இருப்பதால் முன்சிறுகுடல் சவ்வைச் சுரண்டிப் பார்த்தால்தான் அகப்படும். குடலின் வெளிச்சுவரில் பட்டாணி அளவில் முடிச்சுகள் இருந்தால் காசநோய் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்; உள்ளே எக்கைனோபாத்ரிடா தலை புதைத்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சீக்கத்தின் நுனியையும் திறந்து பார்க்கவேண்டும். வான்கோழியும் சேர்த்து வளர்க்கிற வீட்டில் இதைத் தவறவே விடக்கூடாது. ஹெட்டராக்கிஸ் முட்டைக்குள் ஒளிந்து வரும் ஹிஸ்டோமோனாஸ் கோழியைப் பெரிதாக வாட்டாது, வான்கோழியைக் கொன்றுவிடும்.

புழு எது என்று தெரிந்தபின்தான் மருந்து. பென்சிமிடசோல் வகை உருண்டைப்புழுக்களுக்குப் பரவலாக வேலை செய்யும். நாடாப்புழுவும் இருந்தால் அல்பெண்டசோல் அளவைக் கூட்டவேண்டும், அல்லது பிராசிக்வாண்டல். ஆனால் எந்த மருந்தானாலும் குடிநீரில் கலந்து வைப்பது புறக்கடைக் கோழிக்குப் பொருந்தாது. அது கிண்ணத்தை நம்பி வாழ்வதில்லை. தாகம் எடுத்தால் குழாயடிக்கும் மாட்டுத்தொட்டிக்கும் போய்விடும். கரையாத மருந்து அடியில் படிந்துவிடும். சேவல் வயிறு நிறையக் குடிக்கும், ஒடுங்கிய வெடைக்கோழிக்கு ஒரு சொட்டும் கிடைக்காது. குறைந்த அளவு மருந்தில் பிழைத்த புழுக்கள்தான் எதிர்ப்புத்தன்மைக்கு விதை. அமெரிக்க வான்கோழிப் பண்ணைகளில் அஸ்காரிடியா டிஸ்ஸிமிலிஸ் பென்பெண்டசோலுக்கு எதிர்ப்புக் காட்டியது பதிவாகியிருக்கிறது.

வீட்டுக்கு எட்டுப் பத்துக் கோழி இருக்குமா? எல்லாம் பொழுது சாய்ந்ததும் அடைந்துவிடும். ஒவ்வொன்றாக எடுத்து, கோழி விற்கும்போது நிறுக்கிற அதே தராசில் தொங்கவிட்டு, அலகைத் திறந்து ஊற்றலாம். ஒன்றரைக் கிலோ கோழிக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் அல்பெண்டசோல் என்றால் 30 மில்லிகிராம், 2.5 சதவீதக் கரைசலில் 1.2 மில்லி. பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊசியில்லாத சிரிஞ்சால் அலகின் ஓரமாகச் சிறிது சிறிதாக விடவேண்டும், புரை ஏறிவிடக்கூடாது. அரை மணி நேர வேலை.

முகாம் நாளில் இதைச் செய்வதும் வீண். உருண்டைப்புழு உள்ள கோழிகளில் ராணிக்கெட் தடுப்பூசிக்கான எதிர்ப்பாற்றல் மட்டுப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு வாரம் முந்திக்கொள்ளுங்கள்: பிப்ரவரி முகாமுக்கு ஜனவரி கடைசி வாரம், எட்டாவது வார ஆர்2பி ஊசிக்கு ஏழாவது வாரம். வடகிழக்குப் பருவமழையில் ஈரமான மண்ணில் பெருகிய புழுமுட்டைகளைத் தின்ற கோழிகளுக்கும் ஜனவரி ஏற்ற காலம்தான். வெளியே விழுந்த அஸ்காரிடியா முட்டை தொற்றும் நிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. எனவே பஞ்சாரத்தடியை நாள்தோறும் கூட்டி, வாரம் ஒருமுறை இடம் மாற்றினாலே இரவு எச்சத்தின் ஆபத்து பெருமளவு குறையும். இந்த யோசனைக்குச் செலவில்லை என்பதாலோ என்னவோ, நம்மில் யாரும் சீட்டில் எழுதுவதில்லை.

மீதி இருப்பது முட்டை. மருந்து கொடுத்த மறுநாள் முட்டை குழந்தையின் தட்டுக்குப் போகும். அமெரிக்காவில் 2018ல் முட்டைக்கோழிக்கு அனுமதி பெற்ற பென்பெண்டசோல் கரைசலுக்கு முட்டையை ஒதுக்கும் காலம் பூஜ்யம்; ஆனால் அது உருண்டைப்புழுவுக்காக, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் 5 நாள் கொடுப்பதற்கு மட்டும். நாடாப்புழுவுக்காக நாம் கூட்டிக் கொடுக்கும் அளவுக்கு அந்தச் சலுகையை நீட்டக்கூடாது. நாட்டுக்கோழியிடம் இதற்கு ஒரு வசதி உண்டு: அடைகாக்கும்போதும் குஞ்சுகளோடு திரியும்போதும் அது முட்டையிடாது. குஞ்சு பொரிக்கச் சில நாள் இருக்கையில் தாய்க்கு மருந்து கொடுத்தால் முட்டைச் சிக்கல் வராது. குஞ்சுகள் முதன்முதலாகக் கிளறும் மண்ணில் தாயின் எச்சத்திலிருந்து விழும் புழுமுட்டைகளும் குறையும். அடைவைத்த தேதியை வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். காலண்டரில் குறித்து வைத்திருப்பார்கள்.